ஊருணிக் கரையிலிருந்து ஒரு படை: ஃபேன்டசி உலகத்துக்குப் போர்க்குடியும் மந்திரமும் அமைக்கும் முறை

எங்கள் ஊர் ஐயனார் கோயிலுக்குப் போகும் மண்பாதையில் இரண்டு பக்கமும் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கும். சிலவற்றுக்குக் காது இருக்காது. சிலவற்றுக்குக் கால் உடைந்து, செங்கல்லால் முட்டுக் கொடுத்திருப்பார்கள். சின்ன வயதில் அப்பத்தாவிடம், "இம்புட்டுக் குதிரை எதுக்கு அப்பத்தா? ஐயனாரு யாரோட சண்டைக்குப் போறாரு?" என்று கேட்டேன். "சண்டைக்கா? ராத்திரி ஊரச் சுத்தி வரணும்ல. கம்மாக் கரைய எவனும் வெட்டிப்புடாமப் பாக்கணும்" என்றார்.

பல வருடம் கழித்து ஃபேன்டசி கதை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பதில் எனக்கு மறந்து போயிருந்தது. என் முதல் கதையில் ஒரு வறண்ட நாட்டுக்கு ஐம்பதாயிரம் குதிரைப்படை கொடுத்திருந்தேன். விவசாயம் பார்க்கும் மாமா அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இத்தனை குதிரைக்கும் எந்தக் கம்மாயில தண்ணி காட்டுவ மாப்ள?" கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குதிரைக்கு நாளைக்கு முப்பது லிட்டர் என்றாலும் பதினைந்து லட்சம் லிட்டர். அன்றைக்கே அந்தக் கதையை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அப்படி ஆரம்பித்தபோது நான் பின்பற்றிய முறைதான் இது. முதல்முறையாக ஒரு கற்பனை உலகம் கட்டப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும். நாம் சேர்ந்து ஒரு சின்ன நாட்டை உருவாக்குவோம். அதற்குச் செம்புரை நாடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். செட்டிநாட்டுச் செம்புராங்கல் பூமியை மனதில் வைத்துத்தான் இந்தப் பெயர்.

படி 1: வாளை எடுக்காதீர்கள், தண்ணீரை வரையுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் நாட்டின் தண்ணீரை மட்டும் வரையுங்கள். ஆறு உண்டா? மழை எந்த மாதம்? மழை பொய்த்தால் எத்தனை மாதம் தாங்கும்? அரண்மனை, தலைநகரம் எல்லாம் பிறகு.

செட்டிநாட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. அதனால்தான் இங்கே ஊர்களை அமைத்தவர்கள் கூரையில் விழும் மழையை முற்றத்தில் இறக்கி, தெருக்கால்வாய் வழியாக ஊருணியில் சேரும்படி செய்தார்கள். வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. ஊருணியில் செம்புராங்கல் படிகள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்படி வரைக்கும் நிறையும். அப்புறம் ஒவ்வொரு படியாக வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

செம்புரை நாட்டுக்கும் இதையே கொடுப்போம். ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஊருணி, அதில் பதினெட்டுப் படி. கார்த்திகையில் பதினெட்டும் மூழ்கியிருக்கும். சித்திரையில் ஒன்பது படித் தண்ணீர் இருக்கும். ஆடியில் நான்கு. இந்த எண்களைக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

படி 2: இவர்கள் எதைக் காக்கிறார்கள்?

"இவர்கள் வீரர்கள்" என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றுமே தெரியாது. எதை இழந்தால் இவர்களுக்கு வாழ்வு இல்லை என்று எழுதினால், அவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள், எப்போது ஓடுவார்கள், எதற்கு ஓடமாட்டார்கள் என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

சங்ககாலப் போர்களில் முதலாவது ஆநிரை கவர்தல். மாடுதான் செல்வம். அதைக் கவர்ந்து போவதும் மீட்டு வருவதும் போர். மீட்கப் போய் இறந்தவனுக்கு நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த, தமிழி என்னும் பழைய எழுத்தில் பொறித்த நடுகல் ஒன்றிலும், மாடு கவர்வதைக் குறிக்கும் ஆகோள் என்ற சொல்தான் இருக்கிறது. ஒரு சமூகம் யாருக்குக் கல் நட்டது என்று பார்த்தாலே அது எதை மதித்தது என்று தெரிந்துவிடும். உங்கள் உலகத்திலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். இங்கே யாருக்குக் கல் நடுவார்கள்?

செம்புரை நாட்டில் ஊருணியைக் காப்பவர்களுக்குத்தான் கல். அவர்களுக்குக் கரைகாரர்கள் என்று பெயர். கல்லும் கரைமேலேயே நிற்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "இந்தக் குடியில் பிறந்த எல்லோரும் பயமறியாதவர்கள்", "அந்தக் குடியில் பிறந்த எல்லோரும் கொள்ளைக்காரர்கள்" என்று எழுதுவது சுலபம். ஃபேன்டசி கணினி விளையாட்டுகளிலும் அப்படிக் குடியை வைத்துத்தான் வீரத்துக்குப் புள்ளி கொடுக்கிறார்கள். ஆனால் பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே குற்றவாளி என்று முத்திரை குத்தியது நம் பக்கத்தில் சட்டமாகவே இருந்தது. 1871-ல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த வரலாறு தெரிந்த யாரும் "பிறவிக் குணம்" என்ற சொல்லை லேசாக எழுத மாட்டார்கள். உங்கள் போர்க்குடியில் பயந்தவன் ஒருவன் இருக்கட்டும், கரைக்காவலே வேண்டாம் என்று மண்பானை செய்யப் போனவன் ஒருவன் இருக்கட்டும், வெளியூரிலிருந்து வந்து கரைகாரி ஆனவள் ஒருத்தி இருக்கட்டும்.

படி 3: ஆயுதம் நிலத்திலிருந்து வரட்டும்

இதை வேகமாக முடித்துவிடலாம், ஏனென்றால் படி 1-ஐ ஒழுங்காகச் செய்திருந்தால் விடை அதிலேயே இருக்கும். இரும்பு அதிகம் கிடைக்காத, முள்ளும் புதரும் நிறைந்த நாட்டில் நீண்ட வாளும் முழுக்கவசமும் எதற்கு?

சிவகங்கைச் சீமையின் வளரியைப் பாருங்கள். பிறை மாதிரி வளைந்த எறிகோல், மரத்திலும் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள். கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்றும், தேர்ந்த கை எறிந்தால் நூறு கெஜத்துக்குள் குறி தப்பாது என்றும் எழுதி வைத்திருக்கிறார். அதே வெல்ஷ்தான் 1801-ல் மருதுபாண்டியரை எதிர்த்து வந்த படையிலும் இருந்தார். எறியக் கற்றுக்கொடுத்த கைக்கு எதிராக நிற்பது எவ்வளவு பெரிய கதை! ஆயுதத்தை வடிவமைக்கும்போது அதை யார் யாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கரைகாரர்களுக்கு எறிகோல் கொடுப்போம், பனங்கருக்கில் செய்தது. பனை எங்கும் இருக்கிறது.

படி 4: சண்டைக்குச் சொற்களும் வீடும்

வெட்சி, கரந்தை, வஞ்சி, காஞ்சி, நொச்சி, உழிஞை, தும்பை, வாகை என்று நம் முன்னோர் ஒவ்வொரு போர்ச்செயலுக்கும் ஒரு பூவைக் கொடுத்தார்கள். மாட்டைக் கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை. மதிலை வளைத்தவன் உழிஞை சூட, உள்ளே நின்று காத்தவன் நொச்சி சூடினான். தலையில் இருக்கும் பூவைப் பார்த்தே அவன் என்ன வேலையாகப் போகிறான் என்று ஊருக்குத் தெரியும். ஒரு போர்ப் பண்பாட்டைக் காட்ட இதைவிடச் சிக்கனமான வழியை நான் பார்த்ததில்லை. இதையே நகல் எடுக்க வேண்டாம். உங்கள் மக்களுக்கும் "சண்டை" என்பதற்கு நான்கைந்து வேறு வேறு சொற்கள் வேண்டும், அவ்வளவுதான். இரவுக் காவலுக்கு ஒரு சொல், எல்லையில் பயமுறுத்தித் திருப்பி அனுப்புவதற்கு ஒரு சொல், கொல்வதற்கு ஒரு சொல். கடைசிச் சொல்லை அவர்கள் வீட்டுக்குள் உச்சரிக்க மாட்டார்கள் என்று வைத்தால், அந்த வீடே கண்முன் வந்துவிடும்.

வீட்டை மறக்காதீர்கள். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டு ஆள் ஒரு போரில் யானையை வீழ்த்திக் களத்தில் விழுந்தான், கணவன் நேற்று மாடுகளைக் காக்கப் போய் விழுந்தான். இன்று பறைச்சத்தம் கேட்டதும், இருக்கும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைசீவி, வெள்ளை உடுத்தி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். சிவகங்கைப் பக்கத்து ஒக்கூர்தான் அந்தப் புலவரின் ஊர் என்று இங்கே சொல்வார்கள். எண்ணெய் தடவும் அந்தக் கைதான் எனக்கு எப்போதும் மனதில் நிற்கும். களத்தை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். போகும் காலையில் யார் சோறு போட்டார்கள், யார் பேசாமல் இருந்தார்கள் என்பதும் வேண்டும்.

படி 5: மந்திரம்

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கையை நீட்டினால் நெருப்பு வரும் என்று வைத்துவிட்டு, அப்புறம் கதையில் எந்த ஆபத்துக்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும். நெருப்பு வருமென்றால் ஏன் அவன் பசியில் கிடக்கிறான்? ஏன் அவன் ராஜா ஆகவில்லை?

நம் கோயில் திருவிழாவைக் கூர்ந்து பாருங்கள். மந்திரத்துக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது. ஐயனாருக்கு மண்குதிரை எடுத்துப் போகும் புரவி எடுப்புக்கு முதலில் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுப்பார்கள். அந்த மண்ணை வாங்கிய பிறகுதான் மண்பாண்டம் செய்யும் வேளார் குதிரை செய்யத் தொடங்குவார். ஆக, சக்திக்கு ஒரு மூலம் உண்டு, அதை வாங்க உரிமை உள்ளவர் இன்னார் என்றும் உண்டு. அப்புறம் காப்புக் கட்டுவார்கள். கட்டிய பிறகு விரதம், வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்று பல ஊர்களில் கட்டுப்பாடு. சாமியாடி எந்த நேரமும் சாமியாடி இல்லை. கொட்டுச் சத்தம் வேண்டும், ஊர் கூடியிருக்க வேண்டும். சாமி மலையேறிய பிறகு அவர் தண்ணீர் கேட்கும் களைத்துப்போன ஒரு மனிதர்.

இந்த ஐந்தையும் உங்கள் மந்திரத்துக்குக் கேளுங்கள்: எங்கிருந்து வருகிறது, யாருக்கு உரிமை, எந்த எல்லைக்குள், என்ன கட்டுப்பாடு, முடிந்த பிறகு யார் என்ன இழக்கிறார்கள். ஐந்தில் கடைசிக் கேள்விக்கு நிறைய நேரம் கொடுங்கள்.

இப்போது செம்புரை நாட்டுக்கு எழுதிப் பார்ப்போம். கரைகாரர் தன் ஊருணிக் கரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் துணியில் முடிந்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். கட்டியிருக்கும்வரை அவர் எறிந்த கோல் குறி தப்பாது, எறிந்த கைக்கே திரும்பி வரும். எல்லை, அந்த ஊருணிக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலம் வரைக்கும். அதைத் தாண்டினால் அது வெறும் பனங்கட்டை. கட்டுப்பாடு, கட்டியிருக்கும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. இழப்பு என்ன? ஒவ்வொரு முறை மந்திரத்தை எழுப்பும்போதும் ஊருணியில் ஒரு படித் தண்ணீர் இறங்கிவிடும்.

இந்தக் கடைசி விதியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்கு முன் எழுதியதில், மந்திரம் செய்தவனுக்கு ஆயுள் குறையும் என்று வைத்திருந்தேன். அது அவன் ஒருவனுடைய சோகமாக நின்றுவிட்டது. காக்க வேண்டிய தண்ணீரையே மந்திரம் குடிக்கிறது என்று மாற்றியதும் ஊர் முழுக்கக் கதைக்குள் வந்துவிட்டது. காலையில் குடத்தோடு போகும் பெண்ணுக்கு, ராத்திரி எத்தனை முறை மந்திரத்தை எழுப்பினார்கள் என்று படியைப் பார்த்தே தெரிந்துவிடும். தினமும் படியை எண்ணிச் சொல்ல ஒரு பொறுப்பு உருவாகும். அந்தப் பொறுப்பில் இருப்பவளைப் படிக்காரி என்போம். "இன்னும் ஒரு படிக்கு மேல் கூடாது" என்று அவள் சொன்னால் படைத்தலைவனும் அடங்க வேண்டும். யாருக்கு யார் கட்டளையிடலாம் என்ற அதிகார அமைப்பு ஒற்றை விதியிலிருந்து பிறந்துவிட்டது பாருங்கள்.

பகைவரின் மந்திரத்தைத் தாக்குவதும் போரின் பகுதிதான். சங்ககால அரசர்களுக்குக் காவல் மரம் இருந்தது. அதை வெட்டுவது அரசனையே வெட்டியது போல. சேரன் நெடுஞ்சேரலாதன், கடலிடையே இருந்த பகைவரின் கடம்ப மரத்தை வெட்டி, அதிலேயே முரசு செய்துகொண்டான் என்று பதிற்றுப்பத்து பாடுகிறது. ஆக, ஆறாவதாக ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: இந்த மந்திரத்தை எதிரி எப்படி அவமானப்படுத்துவான்? செம்புரை நாட்டில் விடை எளிது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மண் போட்டு அடைத்தால் போதும்.

படி 6: படைக்குச் சோறு

ஆயிரம் பேர் கொண்ட படை என்று எழுதுவதற்கு ஒரு நொடி போதும். அவர்களுக்குச் சோறு போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளைக்கு முக்கால் கிலோ அரிசி என்றால் ஆயிரம் பேருக்கு 750 கிலோ. முப்பது நாளைக்கு 22,500 கிலோ. ஒரு மாட்டுவண்டி அரை டன் ஏற்றும் என்று வைத்தால் 45 வண்டி, 90 மாடு, 45 வண்டிக்காரர். அந்த வண்டிக்காரர்கள் சோற்றுக்கே இன்னும் இரண்டு வண்டி. மாட்டுக்கு வைக்கோலும் தண்ணீரும் இன்னும் கணக்கில் வரவில்லை. யானை வேண்டுமா? ஒரு யானை நாளைக்கு நூறு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். ஆடி மாதத்துச் செம்புரை நாட்டில் யானைப்படை நுழைந்தால், சண்டை இல்லாமலே நாலு ஊர் காலியாகிவிடும். யானையைக் கொண்டு வருவதே ஒரு தாக்குதல்தான் என்று ஓர் எதிரி யோசித்தால் அவன் கெட்டிக்காரன், அவனைக் கதையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றுகையைப் பற்றி யோசிக்கும்போது எனக்குப் பிரான்மலை ஞாபகம் வரும். பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். காரைக்குடியிலிருந்து போய் வந்துவிடக்கூடிய தூரம். மூவேந்தரும் அதை முற்றுகையிட்டபோது, உழாமலே கிடைக்கும் உணவு நான்கு இந்த மலையில் இருக்கிறது என்று கபிலர் பட்டியல் போடுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். கூடவே, உங்கள் படையால் இதை வாங்க முடியாது, பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் வந்து கேட்டால் பாரி மலையையே கொடுத்துவிடுவான் என்கிறார். ஒரே பாட்டில் ஒரு கோட்டையின் பலமும், அதைக் காக்கிறவனின் பலவீனமும் வந்துவிட்டன. அந்தப் பலவீனம் அவனுடைய நல்ல குணம்! உங்கள் போர்க்குடிக்கும் இப்படி ஒரு பலவீனம் கொடுங்கள். கரைகாரர்கள் தாகத்தோடு வந்தவனைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், பகைவனாக இருந்தாலும்.

காடும் படைதான். 1801-ல் மருதுபாண்டியரை எதிர்த்து வந்த கும்பினிப் படை சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காடு வெட்டிப் பாதை போடப் பார்த்தது. வாரக்கணக்கில் வெட்டியும் முடியாமல் அந்த வழியைக் கைவிட்டது. பிறகு வேறு திசைகளில் வந்துதான் அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோயிலைப் பிடித்தது. அதே மாதம் 24-ஆம் தேதி மருதுபாண்டியர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். வரைபடத்தில் காட்டைப் பச்சையாகத் தீட்டிவிட்டு நகராமல், அதைக் கடக்க எத்தனை நாள், எத்தனை கோடரி என்று ஓரத்தில் எழுதுங்கள்.

வெளியிலிருந்து வரும் பொருளைச் சார்ந்த படையும் கவனிக்க வேண்டியது. பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியாக வந்த குதிரைகளைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வருடாவருடம் பெரும்பணம் கொடுத்து வாங்குவார்களாம், பராமரிப்பு சரியில்லாமல் பெரும்பாலானவை செத்துப்போகுமாம். மறுவருடம் மறுபடியும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பலை நிறுத்துகிறவன் படையை நிறுத்திவிடுவான். நம் செம்புரைக்குக் கிழக்கே இருக்கும் துறைமுக அரசுக்கு இந்தக் குதிரைப்படையைக் கொடுத்துவிடலாம்.

படி 7: கூலி கொடுப்பது யார்?

செட்டிநாட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு பணத்தை விட முடியுமா? இந்தப் பக்கத்து வணிகர்களான நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒழுங்கான அமைப்பு, மூன்று வருடத் தவணை, வரவு செலவை முடித்துக் காட்டும் ஐந்தொகை. கையில் வாள் இல்லாமல் கடல் கடந்து நின்ற செல்வாக்கு அது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்தச் செல்வாக்கும் ஆட்டம் கண்டது.

உங்கள் உலகத்திலும் கணக்கேடு எழுதுகிறவர்கள் ஒரு சக்தியாக இருக்கட்டும். செம்புரையில் அவர்களுக்கு ஏட்டார் என்று பெயர். மழை பொய்த்த வருடம் கரைகாரர்கள் ஏட்டாரின் கப்பல்களுக்குக் காவலாகக் கூலிக்குப் போவார்கள். அங்கே மந்திரம் செல்லாது. குறிதப்பாத கை என்று பேர் வாங்கியவன், கடல்மேல் நின்று முதல்முறை குறி தவறுகிறான். அவன் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

படி 8: எதிரியாக உட்கார்ந்து பாருங்கள்

இதுவரை எழுதிய நோட்டை மூடிவிட்டு, ஒரு நாள் விட்டு, துறைமுக அரசின் தளபதியாகத் திறந்து படியுங்கள். கரைகாரர்களை எப்படி வெல்வீர்கள்?

நான் செய்து பார்த்தேன். கார்த்திகையில் தாக்கமாட்டேன், பதினெட்டுப் படி இருக்கிறது. ஆடியில் வருவேன், நான்குதான் இருக்கும். படையாக வராமல் ராத்திரிக்கு ஐந்து பேரை அனுப்பி எல்லையில் சத்தம் போடச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் மந்திரத்தை எழுப்பினால், நான்கே ராத்திரியில் ஊருணி வற்றும். எழுப்பாவிட்டால் ஐந்து பேர் நிஜமாகவே உள்ளே வருவார்கள். அல்லது தாகத்தோடு வந்த வழிப்போக்கனாக ஓர் ஆளை அனுப்பி, கரை மண்ணில் ஒரு பிடி திருடி வரச் சொல்வேன். திருடிய மண் வேலை செய்யுமா? எனக்கு இன்னும் முடிவாகவில்லை. உங்கள் கதையில் நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் எழுதத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

எதிரிக்கு ஒரு வழியும் தெரியவில்லை என்றால் உங்கள் மந்திரம் அளவுக்கு மீறிப் பலமாக இருக்கிறது, படி 5-க்குத் திரும்புங்கள். முதல் நாளிலேயே வென்றுவிட்டால் படி 2-ல் அவர்கள் காப்பது போதுமான அளவு பெரியதாக இல்லை.

சரி, இப்போது முதல் காட்சியை எழுதுங்கள். போர்க்களம் வேண்டாம். ஆடி மாதம், விடிவதற்கு முன். படிக்காரி இருட்டில் வெறுங்காலோடு ஊருணியில் இறங்குகிறாள், ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு. நேற்று நான்கு படித் தண்ணீர் இருந்தது. கரைமேல் அவளுடைய மகன் நிற்கிறான், மணிக்கட்டில் துணி முடிச்சோடு, நாக்கு வறண்டு. ராத்திரி என்ன நடந்தது என்று அவன் இன்னும் சொல்லவில்லை. அவள் கால் எந்தப் படியில் நனைகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.